எலும்பை வளர்த்த மருத்துவர்

ஓடியாடி உழைக்கும் ஒருவன் ஒரு நாள் தவறி விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். முறிந்த எலும்பு செம்மையாகப் பொருந்துமாயின், அவன் சில திங்களில் மீண்டும் நடப்பான். பொருந்தாது போயின், வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலே அவனுக்குத் துணையாகும். அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழைக்கு இஃது உடற்குறை மட்டுமன்று. அவனை நம்பியுள்ள குடும்பம் முழுவதையும் வாட்டும் பசியுமாகும். ஆகவே, முறிந்த எலும்பைக் குறைந்த செலவில் இணைக்கும் வழியைக் கண்டவர், எலும்பை மட்டுமன்றிக் குடும்பங்களையும் நிமிர்த்தியவர் ஆவார். அத்தகைய பெருமைக்கு உரியவர், சைபீரிய நாட்டின் ஒரு மூலையில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ் என்னும் மருத்துவர்.

பிறப்பும் இளமையும்

போலந்து நாட்டில் காட்டெருதுகளுக்குப் பெயர்பெற்ற பெருங்காடு ஒன்று உண்டு. அக்காட்டை ஒட்டிய பியலோவியெசா என்னும் ஊரில், 1921ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள் இலிசாரோவ் பிறந்தார். அவருடைய தந்தையார் காக்கேசிய மலைநாட்டில் வாழ்ந்துவந்த யூத மரபினர். சிறு வயதிலேயே அவர் குடும்பம் தந்தையாரின் ஊராகிய கூசாருக்குக் குடிபெயர்ந்தது. கூசார் அசர்பைசான் நாட்டின் வடபகுதியில், மலைச்சாரலில் அமைந்த ஊர்.

பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் அறுவருள் இலிசாரோவே மூத்தவர். இளமையிலேயே அவர் தந்தையை இழந்தார். வறுமை அவ்வீட்டில் நிலையாகக் குடிகொண்டது. மூத்த மகன் என்ற முறையில் குடும்பச் சுமையின் ஒரு பங்கு அவர் தோளில் ஏறியது. ஏனைய சிறுவர் ஏடும் எழுதுகோலும் ஏந்திப் பள்ளிக்குச் சென்ற வயதில், அவர் வேலைக்குச் சென்றார். பத்து வயதைக் கடந்த பின்னரே அவர் பள்ளியின் வாயிலை மிதித்தார். எனினும், இழந்த ஆண்டுகளை எண்ணி அவர் சோர்ந்து நிற்கவில்லை. தேர்வுகள் எழுதித் தேறித் தாழ்ந்த வகுப்புகள் சிலவற்றைக் கடந்து, நேரே மேல் வகுப்பிற் சேர்ந்தார்.

அவர் உள்ளத்தில் மருத்துவ ஆர்வம் எழுந்தமைக்கு ஒரு நிகழ்ச்சியைக் காரணமாகக் கூறுவர். சிறுவராய் இருந்தபோது ஒரு நாள், கழுவாத பேரிக்காய்களைப் பசிமிகுதியால் உண்டு, நஞ்சேறி அவர் நோயுற்றார். ஊரில் இருந்த மருத்துவ உதவியாளர் விரைந்து வந்து, வெந்நீரை நிரம்பப் பருகச் செய்து நஞ்சை வெளிப்படுத்தினார். சற்றுமுன் துடித்துக்கொண்டிருந்த சிறுவர் உயிர் பிழைத்தார். எளிய பொருளொன்றும் அறிந்தவர் கையில் உயிர்காக்கும் மருந்தாகும் என்பதை அவர் அன்று தம் உடலாலேயே அறிந்தார்.

மருத்துவக் கல்வி

புயினாக்ஸ்க் என்னும் நகரில் தொழிலாளர்க்கென அமைந்த கல்விக்கூடத்தில் பயின்ற பின்னர், 1939ஆம் ஆண்டில் அவர் கிரிமியா மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழியுமுன் போர் மூண்டது. 1941ஆம் ஆண்டில் செர்மானியப் படைகள் சோவியத்து நாட்டினுள் புகுந்தன. கல்லூரி தன் இடத்தை விட்டுப் பெயர நேர்ந்தது. பேராசிரியரும் மாணவரும் நெடுந்தொலைவு கடந்து, கசகஸ்தானில் உள்ள கிசில்ஓர்டா என்னும் நகரை அடைந்தனர். உணவுக்கும் உடைக்கும் தட்டுப்பாடு மிகுந்த அந்நாளில் இலிசாரோவ் தம் படிப்பைத் தொடர்ந்தார். 1944ஆம் ஆண்டில் மருத்துவராக வெளிவந்தார்.

சிற்றூர் மருத்துவர்

பட்டம் பெற்ற இளைஞரை அரசு மேற்குச் சைபீரியாவுக்கு அனுப்பியது. கூர்கான் வட்டாரத்தைச் சேர்ந்த தொல்கோவ்கா என்னும் சிற்றூரில் அவர் பணி தொடங்கிற்று. சுற்றிலும் பல கல் தொலைவுக்கு வேறு மருத்துவர் இல்லை. மகப்பேறு பார்ப்பதும், குழந்தைகளின் காய்ச்சலைத் தணிப்பதும், அறுவை செய்வதும் எல்லாம் அவர் ஒருவர்தம் பொறுப்பாயின. சைபீரியக் குளிர் கொடியது, வழிகளோ கரடுமுரடானவை. மருந்தும் கருவியும் அரியவாய் இருந்தன. நூல்களே அவருக்கு ஆசிரியராயின. நோயாளிகளே அவருக்குப் பாடமாயினர்.

போர் முடிந்ததும், ஊன்றுகோல் ஏந்திய வீரர் ஊர்தோறும் திரும்பி வந்தனர். குண்டு பாய்ந்த கால்கள், பல திங்களாகியும் கூடாத எலும்புகள், சீழ் வடியும் புண்கள் ஆகியவற்றோடு அவர்கள் அவர் வாயிலில் நின்றனர். அக்காலத்தில் முறிவுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை பெரும்பாலும் மாவுக்கட்டே. முறிந்த இடத்திற்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகளையும் சேர்த்துக் கட்டுவர். சிலருக்குக் காலில் எடை தொங்கவிட்டுப் பல வாரம் படுக்கையிலேயே கிடத்துவர். எலும்பு கூடினாலும் மூட்டு இறுகிவிடும், தசை மெலிந்துவிடும். கட்டுக்குள்ளே எலும்பு நழுவினால் கோணலாகக் கூடும். சிலருக்குக் கூடாமலே போகும். புண்ணும் சீழும் சேர்ந்துவிட்டால், காலையே வெட்டி நீக்குவது வழக்கமாய் இருந்தது.

இந்நிலை இளமருத்துவரின் நெஞ்சை வருத்திற்று. உடலின் ஏனைய உறுப்புகளைப் போன்றே எலும்பும் உயிருள்ளதன்றோ? அசையாது பிடித்து, குருதியோட்டம் குறையாது காத்தால், அது ஏன் கூடாது? இவ்வினா அவரை இரவும் பகலும் தொடர்ந்தது.

கம்பியும் வளையமும்

முறிந்த எலும்பை உடலுக்கு வெளியிலிருந்து பிடிக்கும் பொருத்திகள் அவருக்கு முன்னரும் இருந்தன. பெல்சிய நாட்டு லாம்போத்து என்பார் 1902ஆம் ஆண்டிலேயே அத்தகைய கருவியொன்றைக் கையாண்டார். ஆனால், அத்தகைய பொருத்திகள் தடித்த ஆணிகளால் எலும்பை ஒருபுறத்திலிருந்து பற்றுவன. இலிசாரோவ் நாடியதோ, நாற்புறமும் இருந்து ஒத்த அளவில் தாங்குவது. உடலுக்குத் தீங்கு குறைவாய்ச் செய்வது. நோயாளி எழுந்து நடக்க இடம் தருவது.

குதிரைவண்டியின் நுகத்திற்கு மேல் வளைந்து நிற்கும் வில்லையும், அதனோடு இழுத்துக் கட்டப்பட்ட வார்களையும் கண்டபோது அவருக்குப் புதிய எண்ணம் தோன்றியது என்பர். மிதிவண்டிச் சக்கரமும் அவ்வுண்மையையே காட்டுகிறது. அதன் ஆரக்கம்பிகள் மிக மெல்லியவை. விரலால் வளைத்தால் வளைந்துவிடுவன. ஆயினும், வளையத்தில் இழுத்துப் பூட்டிய பின்னர், அவை ஓர் ஆளின் எடையைத் தாங்குகின்றன. வலிமை கம்பியின் தடிப்பில் மட்டும் இல்லை. அதன் இழுப்பிலும் உள்ளது.

இந்த எளிய உண்மையே அவர் கருவிக்கு அடிப்படை ஆயிற்று. முறிவுக்கு மேலுள்ள எலும்பில் இரண்டு மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தினார். அவற்றின் முனைகளைக் காலைச் சுற்றி அமைந்த உலோக வளையத்தில் இறுக இழுத்துப் பிணைத்தார். முறிவுக்குக் கீழும் அவ்வாறே செய்தார். பின்னர் வளையங்களை மரை வெட்டிய கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தார். அக்கம்பிகளின் திருகுகளை ஒருபுறம் திருப்பினால் வளையங்கள் நெருங்கும். மறுபுறம் திருப்பினால் அவை விலகும். வளையங்கள் நெருங்க, எலும்பின் முனைகளும் நெருங்கி ஒன்றையொன்று அழுத்தி அசையாது நிற்கும். தோலை நீளக் கிழித்து எலும்பைத் திறக்க வேண்டுவதில்லை. தோலில் கம்பி நுழையும் சிறு துளைகளே போதும்.

உயர்ந்த தொழிற்சாலை எதுவும் அவருக்குத் துணைநிற்கவில்லை. எளிய உலோகப் பட்டறைகளிலேயே முதற் கருவிகள் உருவாயின; மிதிவண்டிக் கம்பிகளே அவற்றுக்கு உறுப்புகளாயின என்பர். 1950ஆம் ஆண்டில் அவர் கூர்கான் நகரத்து மருத்துவமனைக்கு வந்தார். தொலைவில் உள்ள நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கச் சிறு விமானங்களில் பறந்து செல்லும் பணியும் அவருக்கு வாய்த்தது. அப்பணிக்கு இடையேயும் அவர் கருவியைத் திருத்திச் செம்மை செய்தார். 1952ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பைப் பதிவு செய்யுமாறு அரசுக்கு விண்ணப்பித்தார். 1954ஆம் ஆண்டில் அதற்குரிய சான்றிதழ் கிடைத்தது.

எதிர்பாராத உண்மை

கருவி எலும்பை இணைத்தது. அதனினும் பெரிய உண்மையொன்று பின்னர் வெளிப்பட்டது. எலும்பு முனைகளை நெருக்குமாறு திருகுகளைத் திருப்ப வேண்டிய நோயாளி ஒருவர், தவறுதலாக அவற்றை எதிர்ப்புறம் திருப்பிவந்தார் என்று கூறுவர். முனைகள் நெருங்குவதற்கு மாறாகச் சிறுகச் சிறுக விலகின. வேறொருவராயின், தவறு நேர்ந்தது என்று சினந்து கருவியை மாற்றிப் பூட்டியிருப்பர். இலிசாரோவோ எக்ஸ்-கதிர்ப் படத்தை உற்று நோக்கினார். வெற்றிடமாய் இருக்கவேண்டிய இடைவெளியில் மங்கலான நிழலொன்று தெரிந்தது. அது புதிதாய் முளைக்கும் எலும்பு!

வளர்ந்து முற்றிய மனிதரின் எலும்பும் மீண்டும் வளரும் என்பதை அன்றைய மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. ஆகவே, அவர் ஒரே நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டவில்லை. நாய்களைக் கொண்டு பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார். நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் அளவே இழுத்தால், போதிய நீளம் பெறுமுன்னரே எலும்பு கெட்டிப்பட்டு விடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால், திசுக்கள் நலிந்து எலும்பு சரியாக உருவாவதில்லை. ஒரு மில்லிமீட்டரே தக்க அளவு. அதனையும் ஒரே முறையில் இழுக்காமல், கால் மில்லிமீட்டராக நான்கு முறை இழுப்பது நன்று. மெல்ல, இடைவிடாது இழுக்கப்படும் உயிர்த்திசு வளர்கிறது. எலும்பு மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்த தசையும் நரம்பும் குருதிக்குழாயும் தோலும் உடன் வளர்கின்றன. இதுவே அவர் கண்ட நெறி.

இந்நெறியால், முடியாதன என்று கைவிடப்பட்ட பல செயல்கள் கைகூடின. பிறவியிலேயே குட்டையாய் அமைந்த கால் நீண்டது. கோணிய கால் சிறிது சிறிதாக நிமிர்ந்தது. குண்டு பாய்ந்தோ சீழ் பிடித்தோ ஒரு துண்டு எலும்பு முழுவதும் அழிந்த இடத்தில், நல்ல எலும்பின் ஒரு பகுதியை மெல்ல நகர்த்தி அவ்விடைவெளியை நிரப்ப முடிந்தது. ஆனால், இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளப் பத்து நாள் ஆகும்; நீண்ட எலும்பு கெட்டிப்பட அதனினும் மிகுதியான காலம் ஆகும். அதுவரை நோயாளி வளையங்களைத் தாங்கவேண்டும். வலி உண்டு; கம்பி நுழையும் துளைகளை நாள்தோறும் தூய்மை செய்யாவிடில் சீழ் பிடிக்கும். மருத்துவர் கைத்திறனுக்கு நோயாளியின் மனவுறுதியும் துணைநின்றாலன்றி இச்சிகிச்சை வெற்றி பெறாது.

இகழ்ச்சியும் உறுதியும்

1955ஆம் ஆண்டில், போரில் ஊனமுற்ற வீரர்க்கென அமைந்த கூர்கான் மருத்துவமனையில் இலிசாரோவ் ஒரு துறையின் தலைவரானார். அவரிடம் வந்தவர் பலர் நலமுற்றுச் சென்றனர். எனினும், தலைநகரத்து வல்லுநர் பலர் அவரை ஏற்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மருத்துவரா நமக்குப் பாடம் சொல்வது என்று எண்ணினர். சிலர் அவர் செய்வது மருத்துவமன்று, இரும்புப் பட்டறை வேலை என்று எள்ளி நகையாடினர்.

அவர் அதற்காக வாதிட்டுக் காலத்தைக் கழிக்கவில்லை. எதிர்த்தவர்க்கு விடையாக அவர் காட்டியவை, நடந்து சென்ற நோயாளிகளின் கால்களே. 1968ஆம் ஆண்டில் பெர்ம் நகரில் அவர் தம் ஆய்வுரையை அளித்தார். அவர் நாடியது முதல்நிலை ஆய்வுப் பட்டமே. ஆனால், ஆய்வின் சிறப்பைக் கண்ட அறிஞர் அவை, அதனைக் கடந்து, உயர்நிலையான அறிவியல் முனைவர் பட்டத்தையே அவருக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது 47.

தாண்டிய வீரர்

அவர் புகழை நாடெங்கும் பரப்பியவர் வலேரி புரூமல் என்னும் விளையாட்டு வீரர். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கு விளையாட்டில், உயரம் தாண்டும் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய கால் நொறுங்கியது. தேர்ந்த மருத்துவர்கள் பன்முறை அறுவை செய்தனர், எலும்பு கூடவில்லை. உலகை வியக்கச் செய்த வீரர் ஊன்றுகோலோடு நடந்தார். 1968ஆம் ஆண்டில் அவர் கூர்கானை நாடி வந்தார். சில திங்களில் கால் கூடியது. குறைந்திருந்த நீளமும் நிரம்பியது. ஊன்றுகோலை எறிந்த அவர் மீண்டும் பயிற்சி செய்து, இரண்டு மீட்டர் உயரத்தையும் தாண்டினார். இகழ்ந்தவர் வாயடைத்தனர்.

1971ஆம் ஆண்டில் கூர்கானில் எலும்பியல் மருத்துவத்திற்கெனத் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது; இலிசாரோவ் அதன் தலைவரானார். 1978ஆம் ஆண்டில் லெனின் பரிசு அவரை நாடி வந்தது.

எல்லை கடந்த புகழ்

மேலை நாடுகள் அவரை அறிந்தது பின்னரே. கார்லோ மௌரி என்பவர் இத்தாலிய நாட்டு மலையேறும் வீரர். நாணற் படகிற் கடல் கடந்த தோர் கையர்தாலின் பயணத்திலும் உடன்சென்றவர். பனிச்சறுக்கில் முறிந்த அவருடைய கால் பல்லாண்டுகளாகியும் செம்மையுறாமல் துன்புறுத்தியது. 1980ஆம் ஆண்டில் அவர் சைபீரியா சென்று இலிசாரோவிடம் சிகிச்சை பெற்றார். நிமிர்ந்து நடந்து தாயகம் திரும்பிய அவரைக் கண்டு இத்தாலிய மருத்துவர் வியந்தனர். மறு ஆண்டு பெல்லாசியோ நகரில் கூடிய மாநாட்டிற்கு அவர்கள் இலிசாரோவை அழைத்தனர். அவர் காட்டிய படங்களையும் சான்றுகளையும் கண்டு அவையோர் பெரிதும் பாராட்டினர். இத்தாலியிலிருந்து ஏனைய ஐரோப்பிய நாடுகளுக்கும், 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கும் அவர் முறை பரவியது.

புகழ் பெருகிய பின்னரும் அவர் கூர்கானை விட்டு அகலவில்லை. அங்கேயே உழைத்து, 1992ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், தம் 71ஆம் வயதில் காலமானார். அவர் நிறுவிய நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வானில் சுழலும் சிறுகோள் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஏழையர்க்கு உற்ற துணை

இலிசாரோவின் முறை வளம் குன்றிய நாடுகளுக்குச் சிறப்பாகப் பயன்படுவதாகும். சாலை விபத்திற் சிக்கியவனின் எலும்பு தோலைக் கிழித்து வெளிவருகிறது. மண்ணும் அழுக்கும் புண்ணில் சேர்கின்றன. அத்தகைய புண்ணுக்குள் உலோகத் தகட்டை வைத்தால் சீழ் பிடிக்கும் இடர் மிகுதி. மாவுக்கட்டினால் மூடினாலோ புண்ணை நாள்தோறும் பார்க்க இயலாது. புறப்பொருத்தி எலும்பை வெளியிலிருந்து பிடிப்பதால், புண் திறந்து கிடக்கும். அதனைக் கழுவி மருந்திட முடியும். நோயாளி பல திங்கள் படுத்துக் கிடக்கவும் வேண்டுவதில்லை. முறிவின் தன்மைக்கேற்ப விரைவில் காலை ஊன்றி நடக்கலாம். சிகிச்சை முடிந்தபின் கழற்றிய வளையங்களையும் இணைப்புக் கம்பிகளையும் தூய்மை செய்து, நல்ல நிலையில் உள்ளவற்றை மற்றொருவருக்கும் பயன்படுத்தலாம். அமைப்பு எளிதாதலின், உள்நாட்டுப் பட்டறைகளிலேயே அவற்றைக் குறைந்த விலையில் செய்துகொள்ளவும் இயலும்.

இலிசாரோவ் கண்ட நெறி இந்திய நாட்டிலும் வேரூன்றியது. மும்பையைச் சேர்ந்த மருத்துவர் பி. பி. ஜோஷி, மெல்லிய கம்பிகளையும் சிறு பிணைப்புகளையும் கொண்ட எளிய புறப்பொருத்தி ஒன்றை அமைத்தார். கை முறிவுகளுக்கு மட்டுமன்றி, வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைகளின் பாதத்தை மெல்ல இழுத்து நேராக்கவும் அது பயன்பட்டு வருகிறது.

ஆயினும், கருவி மலிவாயின் மட்டும் போதாது. கம்பி செல்லும் வழியில் நரம்பும் குருதிக்குழாயும் எங்குள்ளன என அறிந்த கை வேண்டும். நாள்தோறும் நோயாளியைப் பேணும் கண் வேண்டும். பயிற்சியற்றவர் கையில் நல்ல கருவியும் தீங்கு செய்யும். இதனை உணர்ந்தே இலிசாரோவ், தம்மை நாடிவந்த மருத்துவர்க்குத் தம் முறையைக் கற்பித்தார்.

பெருஞ்செல்வமும் பெருநகரமும் இருந்தால்தான் அரிய செயல் செய்ய முடியும் என்று எண்ணிச் சோர்வோர் உலகிற் பலர். இலிசாரோவிடம் இருந்தவை சில கம்பிகளும் வளையங்களும், பிறர் துன்பம் பொறாத நெஞ்சமும், கண்டதை ஐயமற ஆராயும் அறிவுமே. பலர் தவறென்று தள்ளிவிடும் ஒரு நிழலில் அவர் புதிய எலும்பைக் கண்டார். அவர் கண்ட வழியால் பல நாடுகளில் எண்ணற்ற மக்கள் இன்று தம் கால்களில் நிற்கின்றனர். கையிலுள்ள பொருள் சிறிதாயினும், கருத்து ஊன்றி உழைப்பார்க்கு அதுவே பெருங்கருவி ஆகும் என்பதை அவர் வாழ்க்கை விளக்குகின்றது.